மெழுகுக்குள்ளே தங்கம்!

எத்தியோப்பியான்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது?

பஞ்சமா? 1984-85ல் எடுத்த, எலும்பும் தோலுமான குழந்தைகளோட படங்களா? கொஞ்சம் பொது அறிவு உள்ள பார்ட்டின்னா, 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல வெறுங்காலோட மாரத்தான் ஓடித் தங்கம் ஜெயிச்ச அபெபெ பிகிலா நினைவுக்கு வருவார். காபிப் பிரியர்னா, 'காபி பிறந்த ஊராச்சே!'ன்னு சொல்வீங்க. ஹாஸ்டல்ல ஒல்லியா ஒரு பையன் வந்து சேர்ந்தா அவனுக்கு 'எத்தியோப்பியா'ன்னு பட்டப்பேர் வைக்கிற வழக்கமும் நம்ம ஊர்ல இருந்துச்சு.

சரி, எத்தியோப்பியான்னா இலக்கியம்னு யாராவது சொல்வீங்களா? சந்தேகம்தான்.

நான் பஹிர் தார்ங்கற ஊர்ல ரெண்டு வருஷம் கல்லூரி ஆசிரியரா வேலை பார்த்தேன். 2012லேர்ந்து 2014 வரைக்கும். அந்த நாட்டுக் கல்லூரிகள்ல இந்திய ஆசிரியர்கள் ரொம்ப சகஜம். பேரரசர் ஹைலே செலாசி காலத்துலேர்ந்தே நம்ம ஆட்கள் அங்கே போய்ப் பாடம் நடத்தியிருக்காங்க. கடைத்தெருவுல வயசான ஒருத்தர் திடீர்னு கையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் ஒரு இந்தியர்"னு சொல்வார். நான் நடத்தினது புள்ளியியல். கத்துக்கிட்டது வேற ஒரு விஷயம். அதைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன்.

231 எழுத்து!

பஹிர் தார் அழகான ஊர். தெருவோரம் பூரா பனைமரம் மாதிரி மரங்கள். ஊரை ஒட்டி டானா ஏரி. நீல நைல் புறப்படறது அங்கேர்ந்துதான். போய் இறங்கின முதல் வாரம் எனக்குப் பொழுதுபோக்கே கடை போர்டுகளை வெறிச்சுப் பார்க்கிறதுதான். கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு எழுத்து, காலை மடக்கி உட்கார்ந்த மாதிரி ஒரு எழுத்து!

அந்த எழுத்து வரிசைக்குப் பேரு 'ஃபிதெல்'. என் வகுப்புல படிச்ச ஒரு பையன்தான் காகிதத்துல எழுதிக் காட்டினான். லெ, லு, லி, லா, லே, ல், லோ. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது நம்ம உயிர்மெய் வரிசை மாதிரியே இருக்கே! ஒரு மெய்யெழுத்து. அதுல ஒரு சுழி, ஒரு கொம்பு, ஒரு கால் சேர்த்தா உயிர் மாறிடும். 33 அடிப்படை எழுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஏழு வடிவம், ஆக மொத்தம் 231. இது போக இன்னும் சில உபரி எழுத்துகளும் உண்டு. நம்ம பசங்க 247 எழுத்தைப் பாட்டாப் பாடி மனப்பாடம் பண்ற மாதிரி, அங்கேயும் குழந்தைகள் சுவர்ல தொங்கற அட்டையைக் குச்சியால தொட்டுத் தொட்டுக் கத்திப் படிக்குதுங்க.

இந்த எழுத்து நேத்து வந்தது இல்லைங்க. வடக்கே அக்சும்னு ஒரு பழைய ராஜ்ஜியம். அங்கே 4ம் நூற்றாண்டுல எசானான்னு ஒரு மன்னர் கல்லுல வெட்டி வைச்ச சாசனங்கள் இன்னிக்கும் நிக்குது. அந்தப் பழைய மொழிக்குப் பேரு கீஸ். இப்போ யார் வீட்டிலயும் கீஸ் பேசறதில்லை. கோயில்லயும் பழைய புத்தகத்துலயும்தான் வாழுது. ஆனா அதோட எழுத்தைத்தான் அம்ஹாரிக்கும் திக்ரினியாவும் இன்னிக்கு வரைக்கும் பயன்படுத்துது.

ஆட்டுத்தோல் நூலகம்

ஒரு ஞாயித்துக்கிழமை அந்தப் பையனே என்னைப் படகுல கூட்டிக்கிட்டுப் போனான். பேர் கேக்காதீங்க. ஏன் பேர் சொல்ல மாட்டேங்கறேன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

டானா ஏரிக்குள்ள நிறையத் தீவுகள். தீவுகள்லயும் கரையோரத்துலயும் பழைய மடங்கள். நாங்க போனது ஸெகேங்கற தீபகற்பத்துல இருக்கற உரா கிதானெ மெஹ்ரெத். காபிக் காட்டுக்கு நடுவுல நடந்து போகணும். வட்ட வடிவக் கோயில். உள்சுவர் பூரா ஓவியம். எல்லா முகத்துலயும் பெரிய பெரிய கண்ணு!

அங்கே ஒரு துறவி புத்தகம் ஒண்ணைத் திறந்து காட்டினார். தோல் உறைக்குள்ள தோல் புத்தகம். ஆட்டுத்தோலை ஊற வெச்சு, மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி, முடியையும் கொழுப்பையும் சுரண்டி, காய வெச்சு ஏடு ஆக்குவாங்களாம். 'பிரானா'ன்னு பேரு. நாணல் பேனா. எழுத்துக்குக் கறுப்பு மை. தலைப்புக்கும் புனிதப் பெயர்களுக்கும் சிவப்பு மை. பெரிய புத்தகம் ஒண்ணு எழுதணும்னா ஒரு மந்தை ஆடே வேணும்!

'பழைய சாமி புத்தகம்தானே'ன்னு நினைச்சுடாதீங்க. ஏனோக்கு நூல்னு ஒரு பழங்கால யூத நூல் உண்டு. உலகத்துல மத்த எல்லா இடத்துலயும் அது துண்டு துண்டாத்தான் மிஞ்சியிருக்கு. முழுசா மிஞ்சினது எத்தியோப்பியாவுல, கீஸ் மொழியில மட்டும்தான். 1773ல் ஜேம்ஸ் புரூஸ்ங்கற ஸ்காட்லாந்துப் பயணி அதோட பிரதிகளைக் கொண்டு போன பிறகுதான் ஐரோப்பாவுக்கே அந்த நூல் முழுசாக் கிடைச்சுது. அட்வா ஊர்ப் பக்கம் அப்பா கரிமா மடத்துல இருக்கற சுவிசேஷ ஏடுகளை ஆய்வுக்கூடத்துல சோதிச்சுப் பார்த்தப்போ, 4ம் நூற்றாண்டுக்கும் 7ம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதுன்னு வந்துச்சு. படம் வரைஞ்ச கிறிஸ்தவப் புத்தகங்கள்ல உலகத்துலயே மிகப் பழசுன்னு சொல்லப்படற வரிசையில அது இருக்கு.

இவ்வளவு இருந்தும், எனக்கு அந்த ஊர் மேல பைத்தியம் பிடிச்சது புத்தகத்தால இல்லை. ஒரு காபியால.

பொற்கொல்லர் ரகசியம்

எத்தியோப்பியாவுல காபி குடிக்கறதுன்னா அஞ்சு நிமிஷ வேலை இல்லை. தரையில பச்சைப் புல் பரப்புவாங்க. சாம்பிராணி புகையும். பச்சைக் கொட்டையை நம்ம கண் முன்னாலயே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருத்தர் மூக்குக்கும் காட்டிட்டு, இடிச்சு, 'ஜெபெனா'ங்கற மண்கூஜாவுல கொதிக்க வைப்பாங்க. கொறிக்கச் சோளப்பொரி. ஒரே தூள்ல மூணு தடவை கொதிக்க வெச்சு மூணு சுத்து கொடுப்பாங்க. முதல் சுத்து 'அபோல்', ரெண்டாவது 'தோனா', மூணாவது 'பரக்கா'. பரக்கான்னா ஆசீர்வாதம். மூணாவது கப் குடிக்காம எழுந்தா மரியாதை இல்லை. இந்த மூணு பேரையும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

அந்தப் பையனோட வீட்டுல அப்படி உட்கார்ந்திருந்தப்போ, அவங்க அம்மா ஏதோ ஒரு வரி சொன்னாங்க. வீடே சிரிச்சுது. "என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டேன். "மெழுகைச் சொல்லவா, தங்கத்தைச் சொல்லவா டீச்சர்?"னு கேட்டான் அவன்.

அதுதான் 'ஸெம்னா வெர்க்'. ஸெம்னா மெழுகு. வெர்க்னா தங்கம். பொற்கொல்லர் என்ன பண்ணுவார்? முதல்ல மெழுகுல உருவம் செய்வார். அது மேல களிமண் பூசுவார். சூடு பண்ணினா மெழுகு உருகி வெளியே ஓடிடும். அந்த வெற்றிடத்துல தங்கத்தை ஊத்துவார். சுவாமிமலைல பஞ்சலோகச் சிலை வார்க்கிறதும் இதே முறைதான். எத்தியோப்பியர்கள் இந்த வேலையைப் பேச்சுக்கே பேராக் கொடுத்துட்டாங்க. ஒரு வரியைக் கேட்டதும் முதல்ல தெரியற அர்த்தம் மெழுகு. அதை உருக்கி ஊத்திட்டா உள்ளே கிடைக்கிற அர்த்தம் தங்கம்.

'அட, இது நம்ம சிலேடைதானே!'ன்னு நீங்க சொல்றது கேக்குது. கிட்டத்தட்ட அதேதான். ஒரு வித்தியாசம். சிலேடையில ரெண்டு அர்த்தமும் சமமா நிக்கும். கவிஞரே ரெண்டையும் காட்டிக் கைதட்டல் வாங்குவார். ஸெம்னா வெர்க்ல ஒண்ணு மறைக்கிறதுக்காகவே இருக்கு. தங்கம் யாருக்குப் புரியணுமோ அவங்களுக்கு மட்டும் புரியும்.

அந்த மொழியோட எழுத்தும் இதுக்குத் துணை போகுது. நம்ம தமிழ்ல 'பலி'ன்னா பலி. 'பல்லி'ன்னா சுவர்ல ஓடறது. மெய் இரட்டிச்சா நாம எழுதிக் காட்டிடுவோம். ஃபிதெல்ல வழக்கமா அதை எழுதிக் காட்டறதில்லை. 'அலெ'ன்னா 'சொன்னான்'. 'அல்லெ'ன்னா 'இருக்கிறான்'. ரெண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவாங்க. 'வானா'ன்னா நீச்சல், 'வான்னா'ன்னா முக்கியமானது. எழுத்தைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். ஒரு புலவனுக்கு இதைவிட என்ன வேணும்? வார்த்தையை எங்கே வெட்டறது, எங்கே அழுத்தறதுன்னு மாத்திப் படிச்சா, ராஜாவைப் புகழ்ந்த பாட்டு ராஜாவைத் திட்டற பாட்டாயிடும்!

பிச்சை எடுத்துப் படிச்ச கவிதை

இந்த வித்தையோட உச்சம் 'கெனே'. கோயில் வழிபாட்டுல கீஸ் மொழியில அந்த நேரத்துக்குப் புதுசாக் கட்டிப் பாடற கவிதை. ரெண்டே வரியில முடியற சின்ன வடிவத்துலேர்ந்து எட்டு, பதினொண்ணு வரி வரைக்கும் பல வகை. மீட்டர், எதுகை எல்லாம் உண்டு. முக்கியமான சட்டம் என்ன தெரியுமா? நேத்துப் பாடினதை இன்னிக்குப் பாடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கணும்.

என் மாணவன் கல்லூரிக்கு வர்றதுக்கு முன்னாடி, சின்ன வயசுல நாலு வருஷம் கெனே பள்ளியில இருந்தவன். பஹிர் தார் இருக்கற கோஜாம் பகுதி கெனேவுக்கு ரொம்பப் பேர் போனது. அவன் சொன்னதைக் கேட்டப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

பன்னிரண்டு வயசுல வீட்டை விட்டுக் கிளம்பினானாம். ஆட்டுத்தோல் போர்வை, ஒரு குச்சி, புல்லால முடைஞ்ச ஒரு பை. ஆசிரியர் இருக்கற ஊர்ல பசங்களே குடிசை கட்டிக்கணும். சாப்பாட்டுக்கு வீடு வீடாப் போய் மரியாளின் பேரால பிச்சை கேக்கணும். குச்சி எதுக்குன்னா, நாய் துரத்தறதுக்கு. ஊர் மக்கள் காய்ஞ்ச இஞ்ஜெரா போடுவாங்க. நம்ம தோசை மாதிரி இருக்குமே, அதேதான். கிடைச்சதைப் பகிர்ந்து சாப்பிட்டுட்டு, பகல்ல ஆளுக்கு ஒரு புதர் ஓரமாத் தனியாப் போய் உட்கார்ந்து, மனசுக்குள்ளேயே கவிதை கட்டணும். பேப்பர் கிடையாது. பேனா கிடையாது. சாயங்காலம் ஆசிரியர் முன்னால நின்னு சொல்லணும்.

ஆசிரியரை 'யெனெதா'ன்னு கூப்பிடுவாங்க. 'என் குருவே'ன்னு அர்த்தம். பல யெனெதாக்களுக்குக் கண் தெரியாது. ஆனா ஒரு எழுத்து பிசகினா உடனே பிடிச்சிடுவாங்களாம். இதுல பெண்கள் கிடையாதான்னு கேட்டேன். பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனா 20ம் நூற்றாண்டுல கோஜாம்ல எமாஹோய் கெலனேஷ்னு பார்வையில்லாத ஒரு கன்னியாஸ்திரி பெரிய கெனே ஆசிரியரா இருந்திருக்காங்க. அப்பாகிட்டக் கத்துக்கிட்டு, ஆம்பளைப் பசங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவங்க.

"நீ கட்டின முதல் கெனே ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன்.

"இல்லை டீச்சர். பாடினதும் போயிடணும். அதான் அழகு. ஆனா அன்னிக்கு யெனெதா என்ன பண்ணினார்னு ஞாபகம் இருக்கு. ஒண்ணும் சொல்லாம தலையை ஒரு தடவை ஆட்டினார். நாலு வருஷத்துல எனக்கு அப்படி மூணு தடவைதான் கிடைச்சுது."

நம்மள்ல எத்தனை பேர் ஒரு தலையாட்டலுக்காக நாலு வருஷம் பிச்சை எடுப்போம், சொல்லுங்க!

ராத்திரிப் பாடகர்கள்

'கோயில் சமாச்சாரமாவே இருக்கே பாஸ்'னு நீங்க நெளியறீங்க. சரி, ராத்திரி எட்டு மணிக்கு மேல பஹிர் தார்ல ஒரு பாட்டுக் கடைக்கு வாங்க. அங்கே 'அஸ்மாரி'ன்னு ஒரு பாடகர். கையில 'மசின்கோ'ங்கற ஒத்தைக் கம்பி வாத்தியம். உள்ளே நுழையறவங்களைப் பார்த்து அங்கேயே பாட்டுக் கட்டுவார். உங்க சட்டை, தொப்பை, பக்கத்துல உட்கார்ந்திருக்கற பொண்ணு, எதுவும் தப்பாது. கூட்டத்துல ஒருத்தர் எழுந்து பாடகர் காதுல ஒரு வரி சொல்வார். அவர் அதை அப்படியே ராகத்துல பாடுவார். பாட்டு பிடிச்சா நோட்டை எச்சில் தொட்டு அவர் நெத்தியில ஒட்டுவாங்க.

இங்கேயும் அதே மெழுகு, அதே தங்கம்தான். காதல் பாட்டு மாதிரி இருக்கும். கூட்டம் ஏன் இப்படிச் சிரிக்குதுன்னு பக்கத்துல விசாரிச்சா, பாட்டு யாரோ ஒரு மந்திரியைப் பத்தியதுன்னு தெரியும்.

15 யானை சுமந்த புத்தகங்கள்

இனி சொல்லப் போறது கொஞ்சம் கசப்பு. இதுல நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு.

19ம் நூற்றாண்டுல தெவோத்ரோஸ்னு ஒரு பேரரசர். சிதறிக் கிடந்த நாட்டை ஒண்ணு சேர்க்கப் பார்த்தவர். மக்தலாங்கற மலைக்கோட்டையில ஒரு பெரிய ஏட்டுத் தொகுப்பையே சேர்த்து வெச்சிருந்தார். பிரிட்டிஷ் அரசோட தகராறு. சில ஐரோப்பியர்களைச் சிறை பிடிச்சு வெச்சிருந்தார். அவங்களை மீட்க 1868ல் ஜெனரல் நேப்பியர் தலைமையில ஒரு படை வந்துச்சு. எங்கேர்ந்து? நம்ம இந்தியாவிலேர்ந்து! பம்பாயிலேர்ந்து கப்பல் கப்பலா ஆள், கழுதை, 44 யானை. அந்தப் படையில மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் இருந்துச்சு. நம்ம தென்னாட்டு ஆட்கள். 'அபிசீனியா'ங்கற போர்ப் பெருமை அந்தப் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டது.

1868 ஏப்ரல் 13ம் தேதி கோட்டை விழுந்துச்சு. தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டுக்கிட்டார். அப்புறம் கொள்ளை. கிரீடம், சிலுவை, ஏடு எல்லாத்தையும் 15 யானையும் சுமார் 200 கோவேறு கழுதையும் சுமந்துக்கிட்டுப் போச்சு. வழியில ஒரு சமவெளியில ரெண்டு நாள் ஏலம். சுமார் 350 கையெழுத்து ஏடுகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பேரரசரோட சின்னப் பையன் அலெமயெஹுவையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவன் 18 வயசுல, 1879ல் இங்கிலாந்துலயே இறந்துட்டான். அவனோட எலும்புகளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டதுக்கு 2023லயும் அரண்மனை மறுத்துடுச்சு.

போன ஏடுகள்ல ஒண்ணு 'கெப்ரா நெகஸ்ட்'. ஷேபா ராணிக்கும் சாலமன் அரசருக்கும் பிறந்த மகன்தான் எத்தியோப்பிய அரச வம்சத்தின் முதல்வன்னு சொல்ற 14ம் நூற்றாண்டு நூல். 1872ல் பேரரசர் நான்காம் யோஹன்னஸ் கடிதம் எழுதிக் கேட்டார். அந்தப் புத்தகம் இல்லாம என் மக்கள் என் பேச்சைக் கேக்க மாட்டாங்கங்கறது அதோட சாரம். அந்த ஒரு புத்தகம் திரும்பி வந்துச்சு.

ஒரு ராஜா நாட்டை ஆள ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கேட்டிருக்கார், பாருங்க. இதை என் மாணவன்கிட்ட சொன்னப்போ அவன் சிரிச்சான். "ஏட்டை யானை மேல ஏத்தலாம் டீச்சர். கெனேவை எதுல ஏத்துவாங்க?"

மெழுகு இல்லாமப் பேசினவர்

பழசு மட்டும் இல்லை. நவீன எழுத்தும் இந்த மண்ணுலேர்ந்துதான் முளைச்சிருக்கு. ஹதிஸ் அலெமயெஹு எழுதின 'ஃபிக்ர் எஸ்கெ மெகாபிர்' நாவலை வாசிக்காத அம்ஹாரிக் வாசகர் அபூர்வம். 'கல்லறை வரைக்கும் காதல்'னு அர்த்தம். கோஜாம்ல நடக்கிற கதை. கெனே படிச்ச ஏழைப் பையனுக்கும் பெரிய இடத்துப் பொண்ணுக்கும் காதல். ஜமீன் திமிரைக் கிழிகிழின்னு கிழிச்ச நாவல். அவங்க காலண்டர்படி 1958ல் வந்துச்சு. அவங்க காலண்டர் நம்மளைவிட ஏழெட்டு வருஷம் பின்னால. அதனால நமக்கு அது 1965-66. அப்புறம் இதை ரேடியோவுல வொகாயெஹு நெகாட்டுங்கற நடிகர் வாசிச்சப்போ தெருவே காது கொடுத்துக் கேட்டுச்சாம். ஷேக்ஸ்பியரை அம்ஹாரிக்குக்குக் கொண்டு வந்த கவிஞர் ட்செகாயே கெப்ரெ மெதினோட நாடகங்களைப் பேரரசர் ஆட்சியும் தடுத்துச்சு, அடுத்து வந்த ராணுவ ஆட்சியும் தடுத்துச்சு.

1974ல் பேரரசரைக் கவிழ்த்துட்டு ஆட்சியைப் பிடிச்ச ராணுவக் குழுவுக்குப் பேரு 'தெர்க்'. 1991 வரைக்கும் அவங்க ராஜ்ஜியம்தான். அந்தக் காலத்துல பெயாலு கிர்மான்னு ஒரு பத்திரிகையாளர். அரசாங்கத்தோட தகவல் துறையிலேயே பெரிய பதவி. எரித்ரியா போராளிகளுக்கு எதிரா 1982ல் நடந்த ராணுவ நடவடிக்கையைப் பக்கத்துல இருந்து பார்த்தவர். பார்த்ததை 1983ல் 'ஓரோமாய்'னு நாவலா எழுதினார். 'எல்லாம் முடிஞ்சுது'ங்கற மாதிரி அர்த்தம் வர்ற வார்த்தை. மெழுகு ரொம்பக் கொஞ்சம். படிச்சவங்களுக்கு எந்தப் பாத்திரம் எந்தத் தலைவர்னு பளிச்னு தெரிஞ்சுது. புத்தகம் கடைகள்லேர்ந்து பறிமுதல். வேலை போச்சு. 1984 பிப்ரவரியில ஒரு நாள் வீட்டை விட்டு வெளியே போனார். அவரோட கார் ரோட்டோரம் கிடைச்சுது. அவர் கிடைக்கவே இல்லை.

ஆனா புத்தகம் சாகலை. ரகசியமா கை மாறிக்கிட்டே இருந்துச்சு. 2025ல் ஆங்கிலத்துலயும் வந்தாச்சு.

பெயாலு கதையை எனக்குச் சொன்னது அந்தப் பையன்தான். சொல்லிட்டு அவன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்துது. "எல்லாரும் மெழுகைப் புகழறாங்க டீச்சர். ஆனா நூறு வருஷமா மெழுகுலயே பேசிப் பழகினவனுக்கு நேராப் பேசத் தெரியாமப் போயிடும். எதிராளி நேராப் பேசினாலும் 'உள்ளே என்ன வெச்சிருக்கானோ'ன்னு சந்தேகம் வரும்." டொனால்ட் லெவின்ங்கற அமெரிக்க சமூகவியலாளர் 1965ல் 'மெழுகும் தங்கமும்'னே பேர் வெச்ச ஒரு புத்தகத்துல இதே கேள்வியைத்தான் விவாதிச்சிருக்கார். கேட்டது ஒரு கெனே மாணவன்ங்கறப்போ எனக்கு அது இன்னும் கனமாத் தெரிஞ்சுது.

ஒரே மொழி இல்லை!

இன்னொண்ணும் சொல்லிடணும். எத்தியோப்பியான்னா அம்ஹாரிக் மட்டும் இல்லை. எண்பதுக்கும் மேல மொழிகள். பெரிய சமூகம் ஒரோமோ மக்கள். சின்ன வயசுல அடிமையா விற்கப்பட்ட ஒனெசிமோஸ் நெசீப்ங்கறவர், அஸ்டெர் கன்னோங்கற பெண்ணோட உதவியோட, 1899ல் முழு பைபிளையும் ஒரோமோவுக்குக் கொண்டு வந்தார். அஸ்டெரும் அடிமைத்தனத்துலேர்ந்து மீட்கப்பட்டவங்கதான். பாட்டும் கதையுமா தேடித் தேடிச் சேகரிச்சாங்க. ஆனா ஹைலே செலாசி காலத்துல ஒரோமோ மொழியில புத்தகம் போடவே தடை. 1991க்கு அப்புறம்தான் லத்தீன் எழுத்துல அந்த மொழி பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சுது. எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை தலைமை மாறுற அவங்களோட 'கடா' முறையை 2016ல் யுனெஸ்கோ தன் பட்டியல்ல சேர்த்துச்சு. கிழக்கே ஹரார்ல இஸ்லாமிய ஏடுகளோட ஒரு தனி உலகமே இருக்கு.

என் வகுப்புல ஒரோமோ பசங்களும் இருந்தாங்க. ஒரு பொண்ணு பட்டுனு சொன்னா: "எங்க பாட்டி பாட்டையும் தங்கம்னுதான் சொல்லணும் டீச்சர். எழுத விடலைங்கறதுக்காக அது பித்தளை ஆயிடுமா?"

"பரக்கா வரலை டீச்சர்"

நான் ஊர் திரும்பிட்டேன். பையன் படிச்சு முடிச்சு ஒரு சின்ன ஊர்ல பள்ளி ஆசிரியர் ஆனான். கல்யாணம் ஆச்சு. போட்டோ அனுப்பினான்.

2020 நவம்பர்ல டிக்ரே பகுதியில போர் வெடிச்சுது. 2022 நவம்பர் வரைக்கும் நீடிச்சுது. மனுஷங்க செத்தாங்க. பழைய மடங்களும், அல் நெஜாஷி மசூதியும் அடிபட்டுச்சு. 2023 ஆகஸ்ட்ல என் மாணவன் இருக்கற அம்ஹாரா பகுதியிலேயே அரசுப் படைக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் மோதல். அவசர நிலை. மொபைல் இன்டர்நெட் கட். மாசக்கணக்கா அவன்கிட்டேயிருந்து ஒரு வார்த்தை இல்லை.

இன்டர்நெட் திரும்ப வந்த பிறகு ஒரு நாள் செய்தி வந்துச்சு. நலம் விசாரிச்சிருந்தான். எங்க அம்மாவைக் கேட்டிருந்தான். கடைசியில ரெண்டு வரி: "வீட்டுல காபி போட்டுக்கிட்டே இருக்கோம் டீச்சர். இன்னும் தோனாதான். பரக்கா வரலை."

யார் அந்த போனை வாங்கிப் பார்த்தாலும் அது காபி. தோனான்னா ரெண்டாவது கொதி. பரக்கான்னா ஆசீர்வாதம். முதல் கஷ்டம் போய் ரெண்டாவது நடக்குது, நல்ல காலம் இன்னும் வரலை. அவன் உயிரோட இருக்கான், ஆனா எதையும் வெளிப்படையாப் பேச முடியாதுன்னும் அந்த வரியிலேயே இருக்கு. எங்க கட்சி, எந்தப் பக்கம், யார் செத்தா, எதுவும் இல்லை. ஆனா எல்லாம் இருக்கு.

நான் பதில் போட்டேன். "அடுப்பை அணைச்சுடாதே. கூஜாவைப் பத்திரமாப் பார்த்துக்கோ."

அவன் ஒரு தலையாட்டற பொம்மையை அனுப்பினான். அவ்வளவுதான். அவனோட யெனெதா அவனுக்கு நாலு வருஷத்துல மூணே மூணு தடவை கொடுத்தது எனக்கு ஒண்ணு கிடைச்சுது!

அதனாலதான் பேர் சொல்லலை.

இவ்வளவும் எதுக்குச் சொன்னேன்னா, இலக்கியம்னாலே பரீட்சைக்கு எட்டு மார்க் கேள்வின்னு நம்மள்ல பல பேர் நினைச்சுக்கிட்டிருக்கோம். அந்த ஊர்ல ஒரு பையனுக்கு அது அவசர நேரத்துல கைகொடுக்கற ஒரு ஆயுதம், ஒரு ஒளிவிடம். நாய்க்கு நடுவுல பிச்சை எடுத்து அவன் கத்துக்கிட்ட வித்தை, இருபது வருஷம் கழிச்சு அவனை ஒரே வரியில பேச வெச்சுது.

அடுத்த தடவை ஹாஸ்டல்ல ஒல்லியான பையனை யாராவது 'எத்தியோப்பியா'ன்னு கூப்பிட்டா, அந்தப் பட்டப்பேரோட உண்மையான அர்த்தத்தைச் சொல்லிக் கொடுங்க. 231 எழுத்து. ஒரு மந்தை ஆட்டுத்தோல்ல ஒரு புத்தகம். நேத்துப் பாடினதை இன்னிக்குப் பாடாத கவிஞர்கள். முடிஞ்சா பெயாலு கிர்மாவைத் தேடிப் பிடிச்சுப் படிங்க. அப்புறம் உங்க பாட்டி சொல்ற ஒரு விடுகதையையோ சொலவடையையோ கொஞ்சம் நிறுத்திக் கேட்டுப் பாருங்க. மேலே இருக்கறது மெழுகாவும் இருக்கலாம்!